பதினொன்னு பத்து

போன மே மாத விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து அப்பா கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். "பாப்பா, மணி என்னம்மா ஆவுது?" என்று என் மகளிடம் கேட்டார். அவளுக்கு நேர் எதிரே, உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த வட்டக் கடிகாரம் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து அறைக்குள் போய் என் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, "டூ ஃபார்ட்டி செவன் தாத்தா" என்றாள்.

"அப்புடின்னா?"

"ரெண்டு நாப்பத்தேழு."

"ரெண்டே முக்காலுன்னு சொல்லு."

"முக்கால் இல்ல தாத்தா, நாப்பத்தேழு."

அவளுக்குப் பத்து வயது. சென்னையில் ஐந்தாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பில் அட்டையில் கடிகாரம் செய்து, நடுவில் குண்டூசி குத்தி, முள்ளைத் திருப்பித் திருப்பிக் காட்டி முழு மதிப்பெண் வாங்கியவள்தான் (அட்டையை வெட்டியது என் மனைவி என்பது வேறு விஷயம்). மூன்று வருடத்தில் அது சுத்தமாகப் போய்விட்டது. "அந்தக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லு" என்று நான் வற்புறுத்தியதும், சின்ன முள்ளைப் பார்த்து, பெரிய முள்ளைப் பார்த்து, உதட்டுக்குள் ஐந்து ஐந்தாக எண்ணி, கடைசியில் "த்ரீ நாப்பத்தஞ்சு?" என்றாள். மூன்றை நெருங்கி நிற்கும் சின்ன முள்ளை மூன்று என்றே எடுத்துக்கொண்டுவிட்டாள். எல்லாக் குழந்தைகளும் செய்கிற தவறு.

அன்று இரவு இதைப் பற்றி எனக்கும் மனைவிக்கும் மொட்டைமாடியில் ஒரு விவாதம் நடந்தது. நான் "தெரியாவிட்டால் என்ன?" கட்சி. ப்ளஸ் டூவில் நான் லாகரிதம் அட்டவணை புரட்டினேன், இன்று அது எனக்கு எதற்கும் உதவவில்லை. தந்தி அடிக்கத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் அரசு வேலையில் இருந்தார்கள். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தியே நின்றது, யாரும் மோர்ஸ் கற்றுக்கொடுக்கச் சொல்லிப் போராடவில்லை. இங்கிலாந்தில் 2018இல், தேர்வு அறையில் மாட்டியிருக்கும் முள் கடிகாரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பதறுகிறார்கள் என்று சில பள்ளிகள் எண் கடிகாரம் மாட்டத் தொடங்கியது செய்தியானது. செய்தியைப் பகிர்ந்தவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அது நியாயமான முடிவாகத்தான் பட்டது. தேர்வு கணிதத்துக்கு என்றால் கணிதத்தைச் சோதியுங்கள், கடிகாரத்தை ஏன்?

தவிர, என் தொழிலில் நேரம் என்பது ஒற்றை எண். 1970 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து எத்தனை நொடி என்பதுதான் கணினிக்கு நேரம். அந்த எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய நிரல்கள் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழியும், அதற்கு இப்போதே ஆள் வைத்துச் சரிசெய்துகொண்டிருக்கிறோம். முள், வட்டம், பன்னிரண்டு எல்லாம் மனிதர்களுக்குக் காட்டுவதற்காக மேலே பூசும் பூச்சு.

மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள். "நீட் பரீட்சைல கைக்கடிகாரம் கட்ட விட மாட்டாங்க. சுவத்துல தொங்குறதத்தான் பாக்கணும். அப்ப உங்க நொடிக்கணக்க யாரு சொல்லுவா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு நாங்கள் இருவருமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அப்பாவும் அந்தக் கடிகாரத்துக்கு எதிரில்தான் படுத்திருந்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவர் ஏன் மணி கேட்டார்?

எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில், அய்யம்பேட்டைக்குப் பக்கம். குடமுருட்டிப் பாசனம். அப்பா ஊரில் மணி பார்க்கத் தெரிந்தவராக மட்டுமல்ல, மணி சொல்பவராகவும் இருந்தவர். எச்.எம்.டி. ஜனதா ஒன்று வைத்திருந்தார், தினமும் காலையில் காபி குடித்ததும் சாவி கொடுக்கும் கடிகாரம். எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. 2016இல் அந்தத் தொழிலையே மூடிவிட்டார்கள். அப்பாவின் கடிகாரம் இன்னும் ஓடுகிறது.

வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறக்க வேண்டும். அணையில் தண்ணீர் இல்லாத வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும், திறந்தாலும் முறை வைத்துத்தான் விடுவார்கள். அந்த மாதிரி வருடங்களில் எங்கள் போர்தான் சுற்றி இருக்கும் ஐந்தாறு பேருக்கு நாற்றங்கால் தண்ணீர். மணிக்கு இவ்வளவு என்று காசு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் எல்லோருக்கும் பங்கு பிரித்தாக வேண்டும். அப்பா மோட்டார் கொட்டகை வாசலில் நின்று கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். கட்டைவிரல் நகத்தைக் கண்ணாடி மேல் ஓட்டி, "இதுலேருந்து இது வரைக்கும் ஒனக்கு. இதுக்கு மேல மடைய மாத்திப்புடணும்" என்பார். எதிரில் நிற்கும் ஆளுக்கு எண் படிக்கத் தெரியுமா தெரியாதா என்பது பிரச்சினையே இல்லை. பலாச்சுளையைப் பிட்டுக் கொடுப்பதுபோல வட்டத்திலிருந்து ஒரு துண்டைக் கொடுத்துவிடுவார். எட்டு ஐம்பதிலிருந்து பதினொன்று இருபது வரை எவ்வளவு என்று எண்ணில் கேட்டால் நானே ஒரு நொடி யோசிப்பேன். அறுபதில் கடன் வாங்கிக் கழிக்க வேண்டும். (நேரத்தைக் கழிக்கிற இடத்தில்தான் பாதி பிழைகள் வருகின்றன என்று எந்த நிரலாளரைக் கேட்டாலும் சொல்வார்.) முள் கடிகாரத்தில் கழித்தலே இல்லை. மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது.

நம் பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. ரெண்டே கால், ரெண்டரை, ரெண்டே முக்கால். கால், அரை, முக்கால் என்பதெல்லாம் நெல்லுக்கும் நிலத்துக்கும் இருந்த பின்னங்கள். வட்டமான முகத்தில் அவை அப்படியே போய் உட்கார்ந்துகொண்டன. ஆனால் முள் கடிகாரம் என்னவோ நம் பழஞ்சொத்து என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நமக்கு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். தஞ்சாவூர் ராஜப்பா பூங்காவுக்கு அருகே நிற்கும் மணிக்கூண்டு, மராட்டிய அரசிகள் கொடுத்த பணத்தில் 1883இல் எழுந்தது. அது எந்த நேரத்தைக் காட்டியிருக்கும் என்பதும் சுவாரஸ்யமான கேள்வி, ஏனென்றால் இந்தியாவுக்கு ஒரே நேரம் என்பது 1906இல்தான் வந்தது. இன்றைய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது; தஞ்சாவூரோ 79ஐச் சற்றுத் தாண்டி இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் சூரியன் இங்கே உச்சிக்கு வருவது 12 மணி 13 நிமிடத்தில். ஊரில் எல்லோர் வீட்டுக் கடிகாரமும் சூரியனை விட 13 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர் கோயில் மதிலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. கல்லில் செதுக்கிய அரைவட்டம், நடுவில் ஒரு முள், அதன் நிழல் விழும் கோடு மணி. அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு மகளுக்கு விளக்கலாம் என்று வீட்டு முற்றத்தில் ஒரு குச்சியை நட்டேன். கடிகார முள் ஏன் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது? வட அரைக்கோளத்தில் நிழல் அப்படித்தான் நகரும், கடிகாரம் செய்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் விடை. மே மாத வெயிலில் குச்சி நிழல் காலையில் மேற்கில் கிடந்தது, மதியம் குட்டையாகித் தெற்கே திரும்பியது, சாயங்காலம் கிழக்கே நீண்டது. இடஞ்சுழி! நான் சொன்னதற்கு நேர் எதிர். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது. நாம் கடக ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் இங்கே உச்சி வெயிலில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே. அந்த நான்கு மாதமும் தஞ்சாவூரில் நிழல் பின்னோக்கிச் சுற்றுகிறது. கடிகாரத்தின் திசை குளிர் நாட்டுச் சூரியனுடையது. காவிரி வலப்பக்கம் திரும்புவதால் திருவலஞ்சுழி என்று ஊருக்கே பேர் வைத்த பகுதியில் இது எனக்கு இத்தனை வயது வரை தெரியாமல் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் சுவாரஸ்யமாகப் பேசிக்கொண்டிருந்த அதே வாரத்தில் அப்பா நாலைந்து முறை மணி கேட்டார். அம்மா, "எப்பப் பாரு மணி மணின்னுக்கிட்டு, அங்கதான தொங்குது" என்று சலித்துக்கொண்டாள். வயதானவர் பேச்சுத்துணைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் அம்மா போன் செய்தாள். அப்பா காலை ஆறு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போய்ப் பூட்டிய வங்கி வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். தெரிந்த பையன் ஒருவன் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறான். "திறக்க நேரமாச்சுன்னு நெனச்சேன்" என்றாராம், அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். நிறையக் கேள்விகள் கேட்டார். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இந்தப் படத்தில் இருக்கும் மிருகம் என்ன. அப்பா கழித்தலில் ஒன்றும் தடுமாறவில்லை. பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஐயா, இதுல ஒரு கடிகாரம் வரைங்க. எல்லா நம்பரும் போடுங்க. மணி பதினொன்னு பத்து காட்டணும்" என்றார்.

அப்பா எஸ்.எஸ்.எல்.சி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நல்ல வட்டமாகத்தான் வரைந்தார். மேலே 12 போட்டார். 1, 2, 3 என்று வலப்பக்கம் நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டே வந்தார். கீழே வருவதற்குள் 11 முடிந்து, மறுபடி ஒரு 12 போட்டார். இடப்பக்கம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. பேனாவைத் தூக்கி அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு முள்ளை 11க்கும் இன்னொரு முள்ளை 10க்கும் இழுத்துவிட்டு, "போதுங்களா?" என்று கேட்டார்.

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தால் ஊருக்கே நேரத்தைப் பிட்டுக் கொடுத்தவர்.

அவர் வெளியே போனதும் மருத்துவர் விளக்கினார். பார்க்க எளிதாக இருக்கும் இந்தச் சோதனையில் பல வேலைகள் சேர்ந்திருக்கின்றன. சொன்னதை நினைவில் வைக்க வேண்டும், இடத்தைத் திட்டமிட வேண்டும், எண்களை வரிசைப்படுத்த வேண்டும். பதினொன்னு பத்து என்பதும் காரணத்தோடுதான். பத்து என்று காதில் விழுந்ததும் கை 10ஐ நோக்கிப் போகும். அதைத் தடுத்து, பத்து நிமிடம் என்றால் 2 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கனடாவின் மாண்ட்ரியலில் உருவான, உலகம் முழுக்கப் பயன்படும் சோதனைத் தாளிலும் இதே பதினொன்னு பத்துதானாம். ஸ்கேனில் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் பழைய அடைப்புகள் தெரிந்தன. மறதி நோயின் தொடக்கமா என்று இப்போதே சொல்ல முடியாது, மருந்து சாப்பிடட்டும், ஆறு மாதம் கழித்து இதையே மறுபடி செய்து பார்ப்போம் என்றார்.

"டாக்டர், முள் கடிகாரமே பார்க்கத் தெரியாதவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"படிக்காதவங்களுக்கு இதை வச்சு முடிவு பண்ண மாட்டோம். வேற சோதனைங்க இருக்கு."

திரும்பி வரும் வழியில் அப்பாயி ஞாபகம் வந்தது. அப்பாவின் அம்மா. அவளுக்கு எண் எழுத்து எதுவும் தெரியாது. மாயவரம் பாசஞ்சர் கூவியதும் உலையில் அரிசி போடுவாள், திண்ணை நிழல் இரண்டாம் தூணைத் தொட்டதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். சாகும் வரை தெளிவாக இருந்த அவள் இந்தத் தாளில் தோற்றிருப்பாள். என் மகளும் தோற்பாள். நடுவில் அப்பாவும் நானும் இரண்டு தலைமுறைதான் இந்த வட்டத்தை யோசிக்காமல் வாசித்திருக்கிறோம் என்பது விசித்திரமாக இருந்தது. என் மகளுக்கு எழுபது வயதாகும்போது மருத்துவர்கள் வேறு எதையாவது வரையச் சொல்வார்கள், அதில் சந்தேகமில்லை. செல்போன் திரையை வரையச் சொன்னாலும் சொல்லலாம்.

ஆகவே மணி பார்ப்பதற்காக முள் கடிகாரம் தேவையில்லை என்ற என் கட்சியில் பெரிய மாற்றமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அதை எடுத்துவிடலாமா என்றால் இப்போது தயங்குவேன். காரணம் நீட் இல்லை. இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கழிக்காமல் பார்க்க அதை விட நல்ல கருவியை நாங்கள் இன்னும் செய்யவில்லை. என் அலுவலகத்தில் கூட்டம் நடத்தும்போது திரையில் ஓடவிடும் கவுண்ட்-டவுன் செயலியிலும் சிவப்புத் துண்டு ஒன்று வட்டத்தில் சுருங்கிக்கொண்டே வருகிறது. அப்பாவின் நகம் அது.

காலாண்டு விடுமுறைக்கு மகளோடு மறுபடி ஊருக்குப் போனேன். தாத்தாவுக்கு என்ன என்று அவளிடம் எளிமையாகச் சொல்லியிருந்தேன். தாள் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் சென்னையிலேயே யூடியூப் பார்த்து மணி பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இரண்டு நாள் ஆனதாம். ஊரில் முதல் நாளே கூடத்தில் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டாகிவிட்டது.

"வரிசையா எழுதாதீங்க தாத்தா. மொதல்ல பன்னெண்டு, ஆறு, மூணு, ஒம்போது. நாலு தூண் மாதிரி. அப்பறம் நடுவுல ரெண்டு ரெண்டா."

அப்பா சிரத்தையாக நாலு தூணையும் நட்டார். இரண்டு எண் இடம் மாறியது. அவள் ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி எழுத வைத்தாள். "இப்ப பதினொன்னு பத்து." பெரிய முள் 10ஐ நோக்கிப் போனது. "தாத்தா..." என்றாள். பேனா நின்றது. கொஞ்ச நேரம் நின்று, மெல்ல, வட்டத்தைத் தாண்டி 2க்குப் போனது.

நாலு நாளில் தாளைப் பார்க்காமலே சரியாகப் போட்டார். மற்ற மணிகள் சொன்னால் தடுமாறுகிறார். அஞ்சே முக்கால் வரவே இல்லை. பதினொன்னு பத்து மட்டும் அச்சு மாதிரி விழுகிறது. தண்ணீர் பிரித்த அந்த மனிதர் திரும்பி வரவில்லை, ஒரு படத்தை மனப்பாடம் செய்திருக்கிறார். மகளுக்கு அது புரியவில்லை. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பிப்ரவரியில் மறுபடி போக வேண்டும். மருத்துவர் தாளை நீட்டுவதற்கு முன்னால், வேறு ஏதாவது மணியைக் கேளுங்கள் என்று அவரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். அப்பா அறையில் இல்லாதபோது எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.