நின்றால் நடுங்கும் அம்பாசிடர்

ஓடும்போது ராஜா மாதிரி ஓடும். சிக்னலில் நின்றால் போதும், பானெட் ஆடும், ஸ்டியரிங் நடுங்கும், சில சமயம் என்ஜினே அணைந்துவிடும். பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால், "வயசாயிடுச்சு, என்ஜினை இறக்கணும்" என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்!

பலர் செய்வது ஐடில் ஸ்க்ரூவை முறுக்கி வேகத்தை ஏற்றிவிடுவது. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்று வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுவது போலத்தான் இது. கூட்டல் சரியாகிவிடும், தப்பு உள்ளேயே இருக்கும்.

சரி, நிற்கும்போது மட்டும் ஏன் நடுங்குகிறது? ஐடிலில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான். அப்போது ஒரு விரிசல் வழியாகத் திருட்டுத்தனமாக நுழையும் காற்றுகூடப் பெரிய பங்கு. வேகமாக ஓடும்போது அது மொத்தத்தில் கரைந்துவிடும்.

தேட வேண்டிய வரிசை இதுதான்.

முதலில் கரண்ட். பிளக் வயர்களை ஒவ்வொன்றாக, இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் கழற்றிப் பார்க்க வேண்டும். நடுக்கம் இன்னும் கூடினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் குற்றவாளி. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.015 அங்குலம் இருக்க வேண்டும்.

அடுத்தது காற்றுக் கசிவு. இன்லெட் மேனிஃபோல்ட் கேஸ்கட், வாக்குவம் குழாய் இரண்டையும் பாருங்கள்.

கார்புரேட்டர் அதற்குப் பிறகுதான். எஸ்.யூ. வகையென்றால் அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் திணறினால் குறைவு. லேசாக ஏறி அடங்கினால் சரி. இதில் புதுச் சிக்கல் ஒன்றும் உண்டு. 2025-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கில் கலவை மெலிந்துவிடும். பழைய ரப்பர் பாகங்களையும் அது பதம் பார்க்கும்.

கடைசியாக கம்ப்ரஷன். ஒரு சிலிண்டரில் குறைவாக இருந்தால், பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு மேல் சந்தேகம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டிலும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாகத் திருகினால், சரியானாலும் எதனால் சரியாச்சு என்று தெரியாது. என்ஜினை இறக்குவதா என்ற பேச்சு, கம்ப்ரஷன் கேஜில் எண்ணைப் பார்த்த பிறகு வரட்டும். ஒரு ரப்பர் குழாய்க்காக என்ஜினையே பிரித்துப் போட்டு, செலவு கட்டாமல் தாத்தா காலத்து வண்டியை எடைக்குப் போடுவது பாவம் இல்லையா?