தலைமன்னார்த் துறை

மதவாச்சியிலிருந்து புறப்படும் இருப்புப்பாதை 106 கிலோமீட்டர் ஓடித் தலைமன்னாரில் கடலைக் கண்டு நிற்கிறது. 1914இல் அதனைத் திறந்த வெள்ளையருக்குக் கடலும் ஒரு தடையன்று. சென்னையில் வண்டியேறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, இத்துறையில் இறங்கி, மறுவண்டியில் கொழும்பு சேரலாம். சாதனைதான், யார் மறுப்பார்?

அதற்கு முன் நம் தென்னாட்டு ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காப்பிச் செடியைக் காணுமுன்பே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர் பலர். புகைவண்டி அந்த நடையை ஒழித்ததற்கு நாம் நன்றி சொல்லலாம். தோட்டத் துரைக்கு ஆள் வந்து சேரும் வழியை அது எளிதாக்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த நன்றி நேர்மையாகும்.

கொண்டுவந்த பாதையே திருப்பியனுப்பவும் பயன்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோமென்று ஒதுக்கிவைத்தது. ஆடு பிரிக்கிறவன்கூட அதன் முகத்தை ஒருமுறை பார்ப்பான்! எட்டு வாரம் கழியுமுன், டிசம்பர் 22 நள்ளிரவில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு வண்டியையும் விழுங்கியது. ஒப்பந்தம் மட்டும் மூழ்கவில்லை. கப்பல் பிற்பாடு இராமேசுவரத்திலிருந்து வந்தது.

மலையகத்தார் இரயிலைக் கோச்சி என்பார்கள். தலைமன்னாருக்கு ஆளேற்றி வந்த வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே வீடு இரண்டாயிற்று. பரம்பரை பரம்பரையாகக் கொழுந்து பறித்தவர்களுக்குக் கடலுக்கு அக்கரையில் 'தாயகம்' காட்டப்பட்டது.

எண்பதுகளில் போர்ச்சூழல் கப்பலை நிறுத்திற்று. 1990இல் பாதையும் அழிந்தது. இந்தியக் கடனுதவியில் மீண்டும் இடப்பட்ட பாதை 2015 மார்ச் 14இல் திறக்கப்பட்டது. நாம் சென்றபோது நிலையம் துப்புரவாக இருந்தது. பழைய துறைமேடையின் துருவேறிய தூண்கள் நீரில் நின்றன. அருகே கலங்கரை விளக்கம். கப்பல்தான் இல்லை.

2023 ஜூலையில், மலையகத்தார் வந்த 200ஆம் ஆண்டை முன்னிட்டு, அவர்தம் வழித்தோன்றல்களும் தோழர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். இருப்புப்பாதை இருக்க, நடந்தே போனார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் குடியிருக்கவும் பயிரிடவும் காணி வேண்டும் என்பதும் ஒன்று.