வெள்ளைப் புகை

பெரியப்பாவுக்குப் புகை என்றால் ஆகாது. பீடி, சிகரெட்டைச் சொல்லவில்லை, புகைபோக்கிப் புகை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் அட்டெண்டன்டாக இருந்தார். பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கியவர்கள்தான் பாய்லரைத் தொடலாம் என்பது சட்டம். அவர் தன் சர்டிஃபிகேட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் கள்ளிக்குப்பம் திரும்பும் வழியில் எந்தப் புகைபோக்கியாவது கறுப்பாகக் கக்கினால் வீட்டுக்கு வந்தும் திட்டு ஓயாது. "காசை ஆகாசத்துல விடறான்." கறுப்பு வந்தால் காற்று பற்றவில்லை, எண்ணெய் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். வெள்ளை வந்தால் அதைவிடக் கேவலம்: எண்ணெய் எரியாமலே ஆவியாகிப் போகிறது, அல்லது காற்றைக் கண்டபடி திறந்துவிட்டிருக்கிறான். வேலை தெரிந்தவன் பாய்லரில் லேசாகப் பழுப்பு தெரியும், அதுவும் உற்றுப் பார்த்தால்தான்.

அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் நானும் அண்ணனும், அதாவது பெரியப்பா பையனும், பொம்மைக் கப்பலில் புகை வரவைக்கப் பாடுபட்டோம்.

1998-இல் டைட்டானிக் படம் வந்த பிறகு தெருவில் கப்பல் செய்யத் தெர்மாகோலுக்கு ஏக கிராக்கி. டி.வி. வாங்கிய வீட்டு வாசலில் பையன்கள் காத்துக் கிடந்தார்கள். பெரியப்பாவும் படம் பார்த்தார். காதல், பனிப்பாறை எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. கரி அள்ளிப் போடும் காட்சியைப் பற்றி மட்டும் ராத்திரி சாப்பாட்டில் பேசினார். கப்பலில் 29 பாய்லர் என்று அண்ணன் எங்கோ படித்துவிட்டுச் சொன்னதும் கையில் எடுத்த சோற்றுடன் அப்படியே இருந்தார். "எத்தனை பேர்டா ஃபயர் பண்ணியிருப்பாங்க!"

மிதக்கவிட எங்களுக்கு ஏரி தேவைப்படவில்லை. வடக்கே புழல் ஏரி இருந்தது. ஆனால் அது சென்னைக்குக் குடிதண்ணீர், கரையில் கூட்டமாக நின்றாலே அதட்டல் வரும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தாழ்ந்த காலி மனைகள் எல்லாம் முழங்கால் தண்ணீர் கட்டி, ஓரத்தில் கோரை முளைத்து, தை வரைக்கும் வற்றாது. மனை வாங்கியவர்களுக்கு வயிற்றெரிச்சல். எங்களுக்குத் துறைமுகம்.

திருவேற்காடு கோயில் வாசலில் வாங்கிய தகரக் கப்பல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. உள்ளே எண்ணெய்த் திரி, மேலே தட்டையான சின்னப் பாய்லர், பின்னால் இரண்டு குழாய். தண்ணீர் ஆவியாகி வெளியே தள்ளும், அடுத்த நொடி குளிர்ந்து உள்ளே இழுக்கும். தகரம் டபடபவென்று அடிக்க, கப்பல் போகும். 1891-லேயே பிரிட்டனில் தாமஸ் பியோ என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அற்புதமான சாமான்தான். ஓடும், சத்தம் போடும், புகை மட்டும் விடாது.

முதலில் சாம்பிராணி. பூஜைக்கு வாங்கிய கட்டிகளைத் தெர்மாகோல் டைட்டானிக்கின் வயிற்றில் வைத்து மூடினோம். புகை மேலே ஏறாமல் மேல்தளத்தில் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் காற்றில்லாமல் கட்டியும் அணைந்தது. பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "டிராஃப்ட் வேணும்டா. காத்தைத் தள்ளுற எஃப்.டி. ஃபேன் இல்லாம எந்தப் பாய்லர் ஓடும்?"

அந்த வார்த்தை போதும் அண்ணனுக்கு. பழுதான டேப் ரெக்கார்டரின் மோட்டாரில் தகரம் வெட்டி விசிறி வைத்தான். அடுத்தது எண்ணெயைப் புகையவைக்கச் சூடு. கரண்ட் அடுப்பின் அறுந்த காயில் பரணில் கிடந்தது, 1000 வாட். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் தடை 53 ஓம் வரும். மெக்கானிக் ஷெட்டில் ஒதுக்கிய ஆறு வோல்ட் பைக் பேட்டரிக்கு மூன்று ஓம் துண்டு வெட்டினால் இரண்டு ஆம்பியர் இழுக்கும், பன்னிரண்டு வாட் சூடு கிடைக்கும். ஸ்கூலில் ஓம் விதியை ஒப்பித்தபோது தூங்கி வழிந்தவன், பதினெட்டில் ஒரு பங்கு என்று ஸ்கேல் வைத்து அளந்து வெட்டினான்.

திரிதான் ஆட்டம் காட்டியது. பஞ்சுத் திரி கருகிவிடும். மோட்டார் வைண்டிங் கடையில் கம்பிக்கு மேல் போடுகிற கண்ணாடி நார் ஸ்லீவ் கேட்டு வாங்கி வந்தோம். இந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது, எண்ணெயை மட்டும் உறிஞ்சும். காயிலை அதன்மேல் சுற்றி, பழைய டார்ச் லைட் குழாய்க்குள் இறக்கி, தெர்மாகோல் உருகாமல் இருக்க இஸ்திரிப் பெட்டி மைக்காவைச் சுற்றினோம். மருந்துக் கடை கிளிசரின் நன்றாகவே புகைந்தது. சூடு ஏறிப்போனால் மட்டும் கண்ணைப் பிடுங்கும். வாணலியில் எண்ணெய் தீய்ந்தால் வருகிற அதே நெடி, இரண்டிலும் அக்ரோலின்தான். கடைசியில் பெரியம்மாவின் தையல் மிஷின் எண்ணெய் கைகொடுத்தது. இரண்டு சொட்டு விட்டால் அடர்த்தியாக, நெடி அதிகமில்லாமல் வந்தது.

டைட்டானிக்குக்கு நாலு புகைபோக்கி. எங்களிடம் டார்ச் குழாய் ஒன்றுதான். மீதி மூன்று காலண்டர் அட்டை. நிஜக் கப்பலிலேயே நாலாவது முக்கியமாகக் காற்றோட்டத்துக்குத்தான், பாய்லர் புகை அதில் வராது. 1914-இல் மெட்ராஸில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டனும் பிரிட்டிஷ் கப்பல் வேஷம் போட மூன்றோடு நாலாவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிந்ததுதான். எங்கள் அட்டையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அண்ணன் இந்த இரண்டையும் சொல்லி வாயடைத்தான்.

பேட்டரி கனத்தில் கப்பல் பாதி முங்கியது. ஓட வேறு மோட்டார் கிடையாது. பட்ட நூலைக் கட்டி எதிர்க்கரையிலிருந்து நான் இழுத்தேன். டைட்டானிக்கின் முதல் புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பி, பின்பக்கம் வளைந்து, கோரைக்கு மேலே போனது. கரையில் ஒரே கூச்சல்.

அந்த நேரம் பார்த்து பெரியப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தார். ஒரு காலை ஊன்றி சைக்கிளை நிறுத்தினார். முகம் சுருங்கியது.

"வெள்ளையா வருதேடா. காத்து ஜாஸ்தி. டேம்பரை மூடு."

அண்ணன் தண்ணீரில் இறங்கி விசிறி ஓட்டையில் பாதியை டேப்பால் ஒட்டினான். புகை இரண்டு மடங்கு தடித்தது.

"மூடினா குறையணும்டா!" என்றவர், சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.