அப்பு என்று இங்கே யாரும் இல்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் அலுவலகம் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. சிம் கார்டு டேட்டா வாசற்படியோடு நின்றுவிடும். உள்ளே வந்தால் வைஃபைதான் கதி. அன்று காலை கேட்டில் நுழையும்போது அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். மங்கலாக, கோடு போட்ட காகிதம் மாதிரி. இருக்கையில் உட்கார்ந்து தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

போன வாரம் வாங்கிய போன். வைஃபை குறி நிறைவாக இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி. இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை. பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டு, சோறு மட்டும் வராமல் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

எனக்குத் தெரிந்த வைத்தியங்களைச் செய்தேன். விமானக் குறியை அழுத்தி எடுத்தேன். அணைத்துப் போட்டேன். நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிவிட்டு, கடவுச்சொல்லை மறுபடியும் அடித்தேன். ஆச்சரியக்குறி அசையவில்லை. பக்கத்து மேஜைக்காரரின் போனில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது.

சிஸ்டம் பார்க்கும் தம்பி வந்தான். "தேதி, நேரம் சரியா இருக்கா சார்?" இருந்தது. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் சான்றிதழ்களைப் போன் நம்பாதாம். பிறகு உள்ளே போய் ஒரு எண்ணைப் பார்த்தான். 192.168 என்று ஆரம்பித்தது. "ரவுட்டர் நம்பர் கொடுத்திருக்கு. அதுக்கு அப்புறம்தான் எங்கேயோ நிக்குது."

"இணையம் இல்லைன்னு இதுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன். வைஃபையில் சேர்ந்ததும் போன் கூகுளின் சர்வருக்கு ஒரு சின்னக் கேள்வி அனுப்புமாம். பதிலாக 204 என்ற எண் வரவேண்டும். கேட்டது வந்து சேர்ந்தது, சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று அதற்குப் பொருள். அந்த வெறும் பதில் வராவிட்டால் ஆச்சரியக்குறி.

எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தது. மன்னார்குடியிலிருந்து இரவு பஸ் ஏறும்போது அம்மா சொல்வாள்: "போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு." விடியற்காலை கோயம்பேட்டில் இறங்கி ஒரு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவேன். எடுக்கமாட்டாள், எடுத்தால் காசு போய்விடும். அந்த ஒரு மணிக்காக நாலு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள் என்று அக்கா பின்னால் சொன்னாள். அழைப்பெல்லாம் இலவசம்போல் ஆன பிறகும் எங்களுக்குள் அந்த ஒற்றை மணி மாறவில்லை. அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. போன தடவை ஊரிலிருந்து திரும்பி இறங்கியபோதும் கை போனை எடுத்துவிட்டது.

"சார், உங்க போன் பேரை மாத்திச் சொல்லுது," என்றான் தம்பி.

ஒவ்வொரு போனுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு முகவரி வைத்து அனுப்புகிறார்கள். மேக் அட்ரஸ் என்பார்கள். இரண்டிரண்டாக ஆறு ஜோடி, மொத்தம் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும். போன் வாங்கிய அன்றே அதை எழுதிக்கொண்டு போய் அலுவலகப் பட்டியலில் ஏற்றியிருந்தான். பட்டியலில் இல்லாத முகவரிக்கு இணையக் கதவு திறக்காது. ஆனால் 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் பிறவிப் பெயரைக் கண்ட இடத்தில் சொல்வதில்லை. கடைத்தெருவிலும் ரயில் நிலையத்திலும் யாரும் பின்தொடரக் கூடாது என்று, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பெயரைத் தானே புனைந்து சொல்கின்றன. "ரெண்டாவது எழுத்தைப் பாருங்க. 2, 6, ஏ, ஈ, இந்த நாலுல ஒண்ணா இருந்தா பெரும்பாலும் வச்சுக்கிட்ட பேருதான்." என்னுடையதில் ஈ இருந்தது.

எனக்கும் இரண்டு பெயர். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது அப்பாவின் அப்பா பெயர். மாமனார் பெயரை அம்மா எப்படி வாயால் சொல்வாள்? கோபத்தில் திட்டுவதற்குக்கூட அந்தப் பெயர் அவளுக்கு உதவாது. அதனால் பிறந்ததிலிருந்து நான் அப்பு. அம்மாவைப் பார்த்து அக்கா, அக்காவைப் பார்த்துத் தெருவே அப்பு என்றது.

1988-இல் திருச்சியில் விடுதியில் இருந்தேன். மெஸ் பணத்துக்கு மணியார்டரை எதிர்பார்த்திருந்த மாதம் அது வரவேயில்லை. ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது: தபால் ஆபீஸில் படிவம் எழுதிக் கொடுத்தவர் புதியவர். "பையன் பேர் என்னம்மா?" என்றிருக்கிறார். அம்மா தயங்கித் தயங்கி அப்பு என்றிருக்கிறாள். வழக்கமாக எழுதித் தருகிறவர் அன்று இருந்திருந்தால் கேட்காமலே எழுதியிருப்பார். விடுதி வாசலில் தபால்காரர் விசாரித்திருக்கிறார். அப்பு என்று இங்கே யாரும் இல்லை என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். பணம் திரும்பி ஊருக்கே போய்விட்டது. "நீ அங்க இல்லைன்னுட்டாங்கடா," என்று அம்மா சொன்னபோது அவள் முகத்தில் பணம் திரும்பியதைவிட வேறு ஏதோ பயம் இருந்தது.

தம்பி அந்த நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டு, தனியுரிமை என்ற இடத்தில் புனைந்த முகவரியை எடுத்துவிட்டுப் போனின் சொந்த முகவரியை வைத்தான். விட்டுச் சேர்ந்தது. ஆச்சரியக்குறி மறைந்தது. "இந்த வைஃபைக்கு மட்டும்தான் சார் மாத்தியிருக்கேன். வீட்டுல அது பழைய பேர்லயே இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வட்டம் ஒரு சுற்று சுற்றிப் படம் திறந்தது. நோட்டிலிருந்து கிழித்த தாள். அம்மாவின் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கொடுக்க அக்கா விவரங்களை எழுதியிருந்தாள். அம்மா பெயர், இறந்த தேதி, பிள்ளைகள். முதல் வரியில் அக்கா தன் பெயரை இனிஷியலோடு ஆதாரில் இருப்பதுபோல் எழுதியிருந்தாள். இரண்டாவது வரியில்: மகன், அப்பு.

கீழே ஒரு கேள்வி: "எல்லாம் சரியா பாத்துச் சொல்லு."

இரண்டாவது வரியை அடித்துவிட்டுத் தாத்தா பெயரை எழுதச் சொன்னேன். நீலக் குறி விழுந்தது. கொஞ்ச நேரம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். பிறகு பதில் வந்தது.

"சரி அப்பு."