ஜெனீவாவில் ஒரு சம்பளமில்லா உத்தியோகம்!

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்பார்கள். சம்பளமே இல்லாத உத்தியோகம் யாருடைய லட்சணம்? என் சித்தி பையனிடம் கேட்டேன். "அது ஜெனீவா லட்சணம் அண்ணே!" என்றான்.

2017 ஜூன் மாதம். எங்கள் ஆபீஸில் அஞ்சு நாள் டிரெய்னிங்குக்கு ஜெனீவா போக வேண்டியவர் வேறொருவர். அவருக்குக் கடைசி நேரத்தில் அம்மை போட்டுவிட, பாஸ்போர்ட்டும் விசாவும் தயாராக வைத்திருந்த ஒரே அப்பாவி நான். விஷயம் தெரிந்ததும் விழுப்புரத்திலிருந்து சித்தி போன் பண்ணினாள். "தம்பி அங்கேதான் இருக்கான். பருப்புப் பொடி, நார்த்தங்காய், ரெண்டு கிலோ பொன்னி அரிசி... அவ்வளவுதாண்டா!" அந்த 'அவ்வளவுதான்' ஒன்பது கிலோ தேறியது.

தம்பி (பெயரைப் போட்டால் சித்தி உதைப்பாள்) பொது சுகாதாரத்தில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தவன். உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகத்தில் மூன்று மாத இன்டர்ன்ஷிப். ஊரில் சித்தப்பா, "பையன் ஜெனீவாவுல டபிள்யூ.ஹெச்.ஓ.வுல இருக்கான்" என்று சொல்லிச் சொல்லி மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். சம்பளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

ஜெனீவா ஏர்போர்ட்டில் இறங்கினால், பெட்டி எடுக்கும் இடத்தில் அப்போது ஒரு மெஷின் இருந்தது. பட்டனை அமுக்கினால் ஊருக்குள் போக ஓசி டிக்கெட். ஓட்டலில் ரூம் போட்டால், தங்கும் நாள் முழுக்க பஸ், டிராமில் இலவசமாகச் சுற்ற ஒரு கார்டு. 'ஆஹா, கர்ணன் பிறந்த ஊர்' என்று நினைத்தேன். ரயிலடிக்கு வெளியே ஒரு காபி குடித்தேன். நாலு பிராங்க். அன்றைய கணக்குக்கு சுமார் 270 ரூபாய். கர்ணன் வேறு ஊர்.

சனிக்கிழமை லீவு. தம்பியைப் பார்க்கக் கிளம்பினேன். 'எட்டாம் நம்பர் பஸ், கடைசி ஸ்டாப்' என்று சொல்லியிருந்தான். ஸ்டாப்பில் நின்று 'டபிள்யூ.ஹெச்.ஓ.' என்று போர்டு போட்ட பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். நாலு பஸ் போயிற்று. எல்லாவற்றிலும் 'ஓ.எம்.எஸ்.' என்றே இருந்தது. ஐந்தாவது பஸ் வந்தபோதுதான் பக்கத்திலிருந்த பாட்டி விளக்கினார், பிரெஞ்சு பாஷையில் அந்த நிறுவனத்தின் பெயரே அதுதானாம். பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. 'யோவ், உள்ளே போ' என்று சொல்ல ஆள் இல்லாமல் எனக்கு என்னவோ போலிருந்தது.

வழியில் ஐ.நா. மாளிகை. வாசலில் 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு மர நாற்காலி, ஒரு கால் பாதியில் உடைந்து நிற்கிறது. கண்ணிவெடியில் கால் போனவர்களுக்காக 1997-ல் வைத்தது. 'உடைந்த நாற்காலிக்கு இவ்வளவு மரியாதையா! எங்கள் ஆபீஸில் பதினாலு இருக்கிறதே' என்று நினைத்து, காரணம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். மாளிகைத் தோட்டத்தில் நிஜ மயில்கள் உலாவுகின்றன. தோட்டத்தை நகரத்துக்கு எழுதிவைத்த பிரபு போட்ட கண்டிஷன்களில் மயிலும் ஒன்றாம். முருகன் எங்கெல்லாம் வண்டியை நிறுத்தியிருக்கிறார் பாருங்கள்!

கடைசி ஸ்டாப்பில் தம்பி நின்றிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததைவிட என் பெட்டியைப் பார்த்ததில்தான் அவன் முகம் மலர்ந்தது.

தலைமையகக் கட்டடம் நீளமாக, கண்ணாடியும் அலுமினியமுமாக, பெரிய தீப்பெட்டியைக் காலூன்றி நிறுத்தியது போல இருக்கிறது. வரைந்தவர் ழான் ஷுமி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். 1962-லேயே இறந்துவிட்டார். கட்டடம் திறந்தது 1966-ல். பாவம், தான் போட்ட பிளானைத் தானே பார்க்கவில்லை.

வெளியே இரண்டு சிலைகள். ஒன்றில் பார்வையில்லாத பெரியவர் ஒரு கோலைப் பிடித்திருக்கிறார். மறுமுனையைப் பிடித்து ஒரு சிறுவன் முன்னே நடக்கிறான். ஆப்பிரிக்க ஆற்றோரங்களில் ஒருவகை ஈ கடித்துக் கண் போன ஆயிரமாயிரம் பேருக்கான சிலை. மற்றொன்று, கையை நீட்டிப் பெரியம்மை ஊசிக்குக் காத்திருக்கும் ஒரு சின்னப் பெண். பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்து முப்பது வருஷம் ஆனதற்காக 2010-ல் வைத்தார்கள். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். என் அம்மாவின் இடது கையில் காலணா அளவுக்கு இருக்கும் அந்தத் தழும்பு என் கையில் கிடையாது. எனக்குத் தேவைப்படவில்லை. 1977 அக்டோபரில் சோமாலியாவில் ஓர் ஆஸ்பத்திரி சமையல்காரருக்கு வந்ததுதான் இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை. அலி மாவ் மாலின் என்று பெயர். பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்துக்காக ஊர் ஊராக அலைந்தாராம்.

"சரிடா, நீ என்ன வேலை பண்றே? ஜெராக்ஸா?" என்றேன்.

"அதுவும் உண்டு" என்று சிரித்தான். காசநோய்ப் பிரிவில் அவனுக்கு இடம். பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் பிடித்துப் படிப்பது, அட்டவணை போடுவது, மீட்டிங்கில் யார் என்ன சொன்னார் என்று குறிப்பெடுப்பது. மேலதிகாரி நல்ல மனிதர். எழுதிக் கொடுத்ததை ஒரு வரி விடாமல் படிப்பாராம். நம் ஊரில் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் படிப்பார்கள்.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! அந்தக் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் இன்டர்ன்களுக்குச் சம்பளமோ உதவித்தொகையோ கொடுப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். தம்பியின் ரூம் வாடகை மாதம் 750 பிராங்க். ஐம்பதாயிரம் ரூபாய்! அந்த ரூமில் அவன் காலை நீட்டினால் கதவைத் திறக்க முடியாது, கதவைத் திறந்தால் அவன் காலை மடக்க வேண்டும். வாடகைக்குப் பயந்து எல்லை தாண்டி பிரான்ஸில் தங்கி, தினம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆபீஸ் போகிறவர்களும் இருந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு வருவது மாதிரி!

சாப்பாட்டுக்கு இன்டர்ன்கள் ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார்கள். மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை கூடும்போது, ஓரத்தில் ஏகப்பட்ட கூட்டங்கள் நடக்கும். எந்த நாட்டுக் கூட்டத்தில் என்ன சாண்ட்விச் என்று செய்தி பறக்கும். "மலேரியா மீட்டிங்ல சீஸ், போஷாக்கு மீட்டிங்ல வெறும் தண்ணி அண்ணே!" என்றான். மற்ற நாட்களுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மூணு லிட்டர் பிரஷர் குக்கர். முதல் விசில் அடித்த அன்று பக்கத்து ரூம் ஜெர்மனி பெண் தீ விபத்து என்று படி இறங்கி ஓடிவிட்டாளாம். மூன்றாம் வாரம் அவளே தட்டோடு வந்து நின்றாள்.

ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். எதிரே அந்தப் புகழ்பெற்ற நீரூற்று. 140 மீட்டர் உயரம், செகண்டுக்கு 500 லிட்டர். எங்கள் தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் லாரி பதினெட்டே செகண்டில் காலி. குடத்தோடு நிற்கும் என் மனைவி இதைப் பார்த்தால் சுவிட்சர்லாந்து மேல் வழக்குப் போடுவாள்.

"இதே ஏரிக்கரையிலதாண்ணே அந்த டெண்ட் பையன் இருந்தான்" என்றான் தம்பி. 2015-ல் ஐ.நா.வில் சம்பளமில்லா இன்டர்னாக வந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க வழியில்லை என்று டெண்ட் அடித்துத் தங்கினார். பேப்பரில் படம் வர, உலகமே பரபரத்தது. ராஜினாமா செய்துவிட்டுப் போனார். விஷயத்தை வெளியே கொண்டுவர வேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. இருக்கட்டுமே! டெண்ட் நிஜம், வாடகையும் நிஜம்.

"எனக்கு டெண்ட் இல்ல. அம்மாவோட ரெட்டைவடம் இருக்கு" என்றான். சித்தியின் கழுத்து ஏன் காலியாக இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே ஆரம்பித்தான். "இங்க வர்றவங்கள்ல பாதிக்கு மேல பணக்கார நாட்டுப் பசங்க. நல்ல பசங்கதான். ஆனா டி.பி., மலேரியா, யானைக்கால் எல்லாம் யார் ஊர்ல இருக்கு? நம்ம ஊர்ல. அதைப் பத்தி இங்க உட்கார்ந்து எழுதக் கத்துக்கிறது, கொசு கடிச்சே பார்க்காதவன். அவனுக்கு அப்பா பணம் அனுப்பறார். எங்க கிளாஸ்ல என்னைவிட மார்க் வாங்கின பொண்ணு ஒருத்தி, அடகு வைக்க நகை இல்லாததால அப்ளிகேஷனே போடல."

பையிலிருந்து சில காகிதங்களை எடுத்தான். 1959-ஆம் வருஷத்து உலக சுகாதார நிறுவன புல்லட்டினில் வந்த ஒரு கட்டுரையின் பிரதி. தலைப்பிலேயே தென்னிந்தியா! 1956-ல் சென்னை சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இந்த நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சிலும் சென்னை அரசும் சேர்ந்து ஒரு மையம் ஆரம்பித்தன. அப்போதெல்லாம் டி.பி. என்றால் சானடோரியம்தான் கதி. படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். சேத்துப்பட்டில் என்ன செய்தார்கள் என்றால், பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடு, ஓய்வுடன் மருந்து கொடுத்தார்கள். மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே, நெரிசலான சந்துகளிலேயே விட்டு, அதே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அதைவிட முக்கியம், கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வந்துவிடவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடியதற்குப் பின்னால் இருக்கும் பெரிய காரணம் நம்ம சேத்துப்பட்டு! தினம் எலெக்ட்ரிக் டிரெயினில் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறேன், எனக்குத் தெரியாது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே இயக்குநராக இருந்த டாக்டர் சௌம்யா சுவாமிநாதன் 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார்.

"தாத்தா ஞாபகம் வந்துதுண்ணே" என்றான்.

எங்கள் அம்மா வழித் தாத்தாவுக்கு டி.பி. வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் இருந்து குணமாகித் திரும்பினார். ஆனாலும் வீட்டுக்குள் விடவில்லை. திண்ணையில்தான் படுக்கை, தனித் தட்டு, தனி டம்ளர். அம்மாவும் சித்தியும் குழந்தைகளாக அவர் மடியில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. வாசற்படிக்கு உள்ளே இவர்கள், வெளியே அவர். 1974-ல் போகும்வரை அப்படியே.

"இது 1959-லயே அச்சாயிடுச்சு. ஜெனீவா வரைக்கும் வந்துடுச்சு. நம்ம வீட்டுத் திண்ணைக்கு மட்டும் யாரும் வந்து சொல்லலை."

நான் நீரூற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் சாரல் முகத்தில் அடித்தது, சௌகரியமாகப் போயிற்று.

அதற்கப்புறம் நிலைமை மாறியது. இன்டர்ன்களே ஒரு குழு வைத்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2018 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் போட்டது. 2022-க்குள் இன்டர்ன்களில் பாதிப் பேராவது ஏழை, நடுத்தர வருமான நாடுகளிலிருந்து வரவேண்டும் என்று. 2020-ல் உதவித்தொகையும் வந்தது. தீர்மானம் வந்த செய்தியைத் தம்பி எனக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருந்தான். 'ரெட்டைவடம் மீட்டாச்சு. வட்டி மட்டும் சித்தப்பா கணக்கு!' 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகுவதாக அறிவித்த பிறகு அந்த நிறுவனமே பட்ஜெட்டைச் சுருக்கி, ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தது. காசு முடையில் எந்த வீட்டிலும் முதலில் கை வைப்பது கடைக்குட்டியின் பாக்கெட் மணியில்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

தம்பி இப்போது நம் பக்கத்திலேயே ஒரு மாவட்டத்தில் காசநோய்த் திட்டத்தில் வேலை பார்க்கிறான். பைக்கில் கிராமம் கிராமமாகப் போகிறான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது நோயாளியின் தட்டு எங்கே இருக்கிறது என்பதைத்தானாம். கொல்லைப்புறத்தில் தனியாக இருந்தால் அதைக் கழுவி எடுத்துவந்து சமையலறையில் மற்ற தட்டுகளோடு வைத்துவிட்டு, அப்புறம்தான் பேச்சை ஆரம்பிக்கிறானாம். சில வீட்டில் திட்டு விழுகிறது. சில வீட்டில் காபி கிடைக்கிறது.

அந்தக் குக்கர்? ஜெனீவாவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். அடுத்து வந்த இன்டர்ன் ஒரு கென்யாக்காரர். அவர் ஒரு நேபாளப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனதுவரை தகவல் உண்டு. சித்தி மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், "ஏண்டா, கேஸ்கட்டையாவது யாராவது மாத்தினாங்களா?"