கண்டி வீதியிற் காத்திருத்தல்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மணித்தியாலத்துக்கு அறுபது என்று வகுத்து, ஏழு மணித்தியாலத்துள் ஊர் போய்ச் சேரலாமென்று சொல்வோர் பலர். வத்தளையையும் ஜா-எலையையும் தாண்டுமுன்னரே அக்கணக்குப் பொய்த்துவிடும். பண்டிகைக்கு முந்திய நாளாயின், நீர்கொழும்பு வரையில் நடந்தே போயிருக்கலாமோ என்று தோன்றும்.

புத்தளம், அநுராதபுரம் வழியாக மதவாச்சியை அடைந்து கண்டி வீதியில் ஏறியதும், இனித் தடையில்லை என்று மனம் மகிழ்கின்றது. வவுனியாவுக்கு அப்பால் ஓர் உழவு இயந்திரம் நெல்மூட்டைகளைச் சுமந்து ஆடியசைந்து போகின்றது. அதன் பின்னே ஒரு லொறி. லொறியின் பின்னே பஸ். பஸ்ஸின் பின்னே நாம். போக ஒரு நிரை, வர ஒரு நிரை என்றமைந்த வீதியிலே முன்னே செல்பவரின் வேகமே எல்லோருடைய வேகமுமாகும். எமது சாரதியோ ஒலியெழுப்பியின் மேல் வைத்த கையை எடுக்கின்றாரில்லை.

இதனால் நாம் இழப்பது எவ்வளவு? இருபது கிலோமீற்றரை 70 கிலோமீற்றர் வேகத்திற் கடப்பதற்குப் பதினேழு நிமிடம். 40 கிலோமீற்றர் வேகத்திலோ முப்பது நிமிடம். ஆகப் பதின்மூன்று நிமிடமே நட்டம். இந்தப் பதின்மூன்று நிமிடத்துக்காகவே வளைவென்றும் பாராது முந்தப் புறப்படுகின்றனர். எதிரே வருபவரும் அவ்வாறே புறப்பட்டிருப்பின் என்ன நிகழுமென்பதை, மறுநாட் பத்திரிகையிலே படிக்கின்றோம். இருட்டிவிட்டாலோ கட்டாக்காலி மாடுகளின் தொல்லை வேறு. மாரிகாலத்திலே வயலும் வெளியும் ஈரமாகிவிட, சூடாறாத தார்வீதியே அவற்றுக்குப் படுக்கை. கறுத்த மாடொன்று கறுத்த வீதியிற் படுத்திருப்பது, விளக்கொளி அதன் கண்ணிற் படும்வரை தெரியவே தெரியாது.

ஓமந்தையைக் கடக்கையில் வண்டியிலிருந்த முதியவர்கள் பேச்சை நிறுத்துகின்றனர். 2002 ஆம் ஆண்டிலே பாதை திறந்தபோது, இவ்விடத்தில் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி வரிசையில் நின்றவர்கள் அவர்கள். 2006 ஆகஸ்டில் முகமாலையிற் பாதை மூடப்பட்டபோது, குடாநாட்டின் தரைவழியே அற்றுப்போயிற்று. அதற்கும் முன்னர், தொண்ணூறுகளின் தொடக்கத்திலே, இதே பயணத்துக்காகக் கிளாலிக் கடலில் இரவிலே வள்ளமேறியவர்களும் அவர்களுள் உளர். உழவு இயந்திரத்தைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மாங்குளம் தாண்டினால் முறிகண்டி. அங்கே அதிசயமொன்றைக் காணலாம். பதின்மூன்று நிமிடத்துக்காகப் பல்லைக் கடித்தவரெல்லாம் தாமாகவே வண்டியை ஓரங்கட்டுகின்றனர். பிள்ளையாருக்குக் கற்பூரங் கொளுத்தித் தேங்காய் உடைத்து, பின்னர் கச்சான் வாங்கி, அதைத் தோலுரித்துத் தின்றபடி அரைமணி நேரம் ஆறுதலாக நிற்கின்றனர். எமக்குப் பின்னால் வந்து ஓயாது ஒலியெழுப்பிய கார்க்காரரும் அங்கே நின்றார். நாம் முந்த விடாத அந்த லொறியின் சாரதியோடு அவர் நகைத்துப் பேசிக்கொண்டு நின்றதையும் கண்டோம். உழவு இயந்திரக்காரரும் வந்து சேர்ந்திருந்தால், அவருக்கும் ஒரு சரை கச்சான் கிடைத்திருக்கும்.

கிளிநொச்சியும் பரந்தனும் கழிந்து, ஆனையிறவிலே உப்புக்காற்று முகத்தில் அடிக்கின்றது. முகமாலையில் இன்று எவரும் எவரையும் மறிப்பதில்லை. வண்டிகள் வேகங் குறையாமலே போகின்றன. ஆயினும் சாவகச்சேரிச் சந்தையடியில் மறுபடியும் நெரிசல். சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் வாழைக்குலை ஏற்றிய சிறு லொறியொன்றுமாக வீதி அடைபட்டுக் கிடக்கின்றது. வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில், "எவடத்திலை நிக்கிறியள்? சோறு ஆறுது" என்று கேட்கின்றனர்.

"நாவற்குழிப் பாலம் தாண்டியாச்சுது, அக்கா" என்கிறார் சாரதி, கண்ணை வாழைக்குலையிலிருந்து எடுக்காமலே.