நான்கு பிள்ளைகளில் மூத்தவர்

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் வீடு. அப்பா சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். அம்மா ராதாபாய் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய் இந்தியப் பெண்களுக்காக வாதாடியவர். இவர்களுடைய பிள்ளைகளில் மோகனும் பார்வதியும் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய்க் கம்யூனிஸ்டுகளாகத் திரும்பினார்கள். மூத்தவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் ஈட்டன் பள்ளியை முடித்து, வூலிச் ராணுவ அகாதெமியில் சேர்ந்து, 1933இல் பீரங்கிப்படை அதிகாரியானார். ஆளும் அரசை எதிர்த்து நிற்பவர்களும் அந்த அரசின் சீருடை அணிந்தவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

1942 மே 27. லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் அருகே, குமாரமங்கலம் இருந்த படைப்பிரிவின்மேல் எதிரி டாங்கிகள் பாய்ந்தன. அன்றைய சண்டைக்காக அவருக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. கூடவே சிறைவாசமும் வந்தது. இத்தாலியப் போர்க்கைதி முகாமிலிருந்து தப்பினார். மறுபடி பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார்.

அந்த இத்தாலிய முகாமில் உடனிருந்த இளம் அதிகாரிகளில் இருவர் யாஹ்யா கான், சாஹிப்ஜாதா யாகூப் கான். மூவருக்கும் அப்போது ஒரே ராணுவம், ஒரே முள்வேலி. ஐந்தே வருடத்தில் நாடு பிரிந்தது, ராணுவமும் பிரிந்தது.

குமாரமங்கலம் 1966 ஜூனில் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைக்கு வந்தவர் யாஹ்யா கான். ஒரு காலத்தில் சேர்ந்து சிறையிருந்தவர்கள் எல்லையின் இரு பக்கமும் படை நடத்தினார்கள். 1965 போரின் காயம் ஆறாத ராணுவத்தைத்தான் குமாரமங்கலம் ஏற்றார். அடுத்த ஆண்டே சிக்கிம் எல்லையில் நாது லாவில் சீனப் படை சுட்டபோது, 1962இல் பின்வாங்கிய ராணுவம் இந்த முறை நகராமல் நின்றது.

1969 ஜூனில் அவர் பொறுப்பை மானெக் ஷாவிடம் ஒப்படைத்தார். பிரிட்டனில் பயிற்சி பெற்று மன்னரின் ஆணையால் அதிகாரியான கடைசித் தளபதி இவர். டேராடூன் அகாதெமியின் முதல் அணியிலிருந்து வந்தவர் மானெக் ஷா. பதவிகளையும் தேதிகளையும் அடுக்கினால் இந்த வாழ்க்கை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அவருடைய ஆளுமை தெரிவது உடன்பிறந்தவர்களையும் உடன்சிறையிருந்தவர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போதுதான்.

1971 அப்படியொரு வருடம். கிழக்குப் பாகிஸ்தான் மக்கள்மேல் ராணுவத்தை ஏவினார் அதிபர் யாஹ்யா கான். டாக்காவில் தளபதியாக இருந்த யாகூப் கான் அதற்கு உடன்பட மறுத்து, மார்ச்சில் பதவி விலகினார். அதே ஆண்டு, முன்னாள் கம்யூனிஸ்ட் மோகன் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் சேர்ந்தார். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. நான்காம் நாள் யாஹ்யா பதவியிழந்தபோது, மூத்த குமாரமங்கலம் சீருடையைக் கழற்றி இரண்டரை வருடம் ஆகியிருந்தது.